பிந்தி வந்த ஆமென்

அப்பா ஆண்டவரிடம் போய் ஓராண்டு நிறைகிறது. நன்றி ஆராதனைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருக்கு அப்பாவின் முகம் மங்கிப்போயிருந்தாலும் அவருடைய ஆமென் மறந்திருக்காது. ஜெபம் முடியும். சபை முழுவதும் ஆமென் சொல்லும். ஒரு மூச்சு இடைவெளி. அதன் பிறகு சுவரோரத்து பெஞ்சிலிருந்து, ஜன்னல் கண்ணாடி அதிர, இன்னொரு ஆமென் வரும். புதிதாக வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சின்னப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அப்பா யாரையும் பார்க்காமல் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

அந்த ஆமென் ஏன் பிந்தி வந்தது, அதை ஞாயிறுதோறும் சபைக்குக் கொண்டுவந்து சேர்க்க யாருடைய தோள்கள் உதவின என்று சொல்லவே இதை எழுதுகிறேன். அண்ணன் எழுதுவதாகத்தான் முதலில் பேச்சு. அவரோ சென்னையிலிருந்து போன் செய்து, "நீயே எழுதிடு. ஆனா ரெண்டு பக்கத்துல முடி. நீ ஆரம்பிச்சா நிறுத்த மாட்ட" என்று என் தலையில் கட்டிவிட்டார். நிறுத்த மாட்டேன் என்பது உண்மைதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது பொறையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். தகப்பனாரைச் சிறுவயதிலேயே இழந்தார். தாயார் நடவுக்கும் களை பறிப்புக்கும் போய் வளர்த்தார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு காரைக்காலுக்கு வந்தவர், அரசலாற்றுப் படகுத் துறைக்கு அருகில் ஒரு ஐஸ் கம்பெனியில் கொக்கி போட்டு ஐஸ் பார் இழுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு மெஷின் ரூமுக்கு மாற்றினார்கள். கடைசிவரை அங்கேதான். கம்ப்ரசருக்குப் பக்கத்திலேயே வாழ்நாளைக் கழித்தவருக்குக் கையில் கொஞ்சம் சேமிப்பும், தருமபுரத்தில் ஒரு சந்துக்குள் சின்ன வீடும் கிடைத்தன. காது போய்விட்டது.

முழுச் செவிடு என்று சொல்ல முடியாது. பக்கத்தில் நின்று கத்தினால் கேட்கும். கத்தும் ஆளின் முகத்தைப் பார்த்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்க அவராகவே பழகிக்கொண்டார். சபையில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது அப்பா மட்டும் கண்ணை அகலத் திறந்து வைத்திருப்பார். அம்மாவின் உதடு, போதகர் ஐயாவின் உதடு, முன் பெஞ்சில் இருப்பவரின் தாடை என்று மாறி மாறிப் பார்ப்பார். எல்லா உதடுகளும் ஒன்றாக மூடித் திறந்தால் அது ஆமென். அதைப் பார்த்த பிறகுதான் அவருடையது புறப்படும். பிந்தி வந்ததற்குக் காரணம் அவ்வளவுதான். சத்தத்துக்குக் காரணம், தன் சத்தம் தனக்கே கேட்காததுதான்.

ஐஸ் கம்பெனிக்கு ஞாயிறு லீவு கிடையாது. மீன் கிழமை பார்த்து வருவதில்லையே. அப்பா உடன் வேலை செய்தவர்களோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். தீபாவளி, பொங்கல், ஆயுதபூஜை எல்லா நாளும் ஷிப்டு அவர் பார்ப்பார். ஞாயிறு காலை மட்டும் அவர்கள் அவரை விட்டுவிட வேண்டும். "தீபாவளிக்கு வேதக்காரர் இருக்காரு, நாம ஊருக்குப் போலாம்" என்று ஆட்கள் நிம்மதியாகப் பஸ் ஏறுவார்கள். எங்கள் வீட்டில் பொங்கலன்று அப்பாவைப் பார்த்த ஞாபகமே எனக்கில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் இல்லாத ஞாபகமும் இல்லை.

துறையில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது. கரண்ட் போய் ஐஸ் தட்டுப்பாடு வரும் நாட்களில் பெரிய விசைப்படகுக்காரர்கள் அதிக விலை சொல்லி மொத்தத்தையும் அள்ளப் பார்ப்பார்கள். மெஷின் நின்ற நேரத்தில் ஐஸ் எடுத்துக் கொடுக்க வெளியே வந்து நிற்கும் அப்பா அசைய மாட்டார். யார் முன்னால் வந்தாரோ அவருக்குத்தான், அது கட்டுமரமே ஆனாலும். "எங்க மொதலாளி உள்ள தூங்குறாரு. இங்க வரிசைதான் மொதலாளி" என்பார். இதை எனக்குச் சொன்னவர் செல்வமணி அண்ணன். படகில் கூலிக்குப் போகிறவர், கோயில் திருவிழா ஒன்றையும் விடாதவர். இந்தக் கட்டுரையில் இனிமேல் அடிக்கடி வருவார்.

சர்க்கரை நோய் அப்பாவின் வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துக்கொண்டது. இடுப்பும் மடங்காமல் விறைத்துப்போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் போதகர் ஐயா வீட்டுக்கு வந்து, அப்பாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, "அண்ணே, இனிமே நீங்க அலைய வேணாம். நற்கருணைய நான் மாசாமாசம் வீட்டுக்கே கொண்டாந்து தர்றேன்" என்றார். அன்பான வார்த்தை. அண்ணன் அதைவிட ஒரு படி மேலே போய், புதுக் கலர் டிவியும் கேபிள் கனெக்‌ஷனும் வாங்கிக் கொடுத்தார். ஞாயிறு காலை எந்தச் சேனலைத் திருப்பினாலும் பிரசங்கம். ஆயிரக்கணக்கான ஜனங்கள், பெரிய பாடகர் குழு, விதவிதமான விளக்குகள். "சபைக்குப் போனாக்கூட இவ்ளோ நல்ல பாட்டு கெடைக்காதுப்பா" என்றார் அண்ணன்.

முதல் ஞாயிறு அப்பா வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார். பிரசங்கியார் ஜெபிக்கத் தொடங்கினார். அப்பா உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கேமரா சட்டென்று கூட்டத்துக்குப் போயிற்று, மேலே விளக்குக்குப் போயிற்று, ஒரு பூந்தொட்டிக்குப் போயிற்று. அப்பாவின் கண்கள் தேடி அலைந்தன. கடைசியில் ஒரு பெண்ணின் முகம் திரை நிறைய வந்து, வாய் மூடித் திறந்தது. அப்பா முழுக் குரலில் ஆமென் சொன்னார்.

அது சோப்பு விளம்பரம்.

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கப் பார்த்தார். முடியவில்லை. நான் தரையில் உருண்டு சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். சிரித்து முடித்ததும் டிவியை அணைக்கச் சொன்னார்.

"ஏங்க, வேற சேனல் வைக்கட்டுமா?" என்று அம்மா கேட்டார்.

"வேணாம். நான் ஆமென் சொன்னா அந்த டிவிக்காரருக்குக் கேக்குமா?"

"கேக்காதுதான்."

"கேக்காதுல்ல? அப்பறம் நான் யாருக்குச் சொல்றது?"

நான் கல்லூரி ஜெபக்குழுவில் எத்தனையோ பேரோடு இதைப் பற்றி வாதம் செய்திருக்கிறேன். கடவுள் எங்கும் இருக்கிறார், என் அறையிலேயே ஜெபிக்கிறேன், எதற்குக் கூட்டம் என்பார்கள். அறையில் ஜெபிக்க வேண்டாம் என்று யார் சொன்னது? அப்பா விடியுமுன் எழுந்து தனியாக ஜெபிக்காத நாள் இல்லை. ஆனால் அங்கே கேட்பதும் நாமே, முடிப்பதும் நாமே. சபையில் நம் பக்கத்தில் இருப்பவர் தன் மகனுக்கு வேலை கேட்டு ஜெபிக்கிறார். நம் மகனுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. ஆனாலும் நாம் ஆமென் சொல்கிறோம். அடுத்தவர் பாரத்தின் ஒரு முனையை நாம் பிடிக்கிறோம். நம்முடையதை அவர் பிடிக்கிறார். இதை வீட்டில் செய்ய முடியாது, எவ்வளவு பெரிய டிவி வாங்கினாலும். அப்பாவுக்கோ சபையில்லாமல் தன் ஆமென் எங்கே வரவேண்டும் என்பதுகூடத் தெரியாது. அடுத்தவர் வாயைப் பார்த்துத்தான் அவருடைய ஆராதனையே.

எனவே போக வேண்டும். எப்படிப் போவது? சந்துக்குள் ஆட்டோ வராது. சந்து முனைவரை தாங்கிப் பிடித்துக் கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றப் பார்த்தோம். உடம்பு உள்ளே போனால் தலை வெளியே நின்றது. தலை உள்ளே போனால் விறைத்த இடுப்பு விடவில்லை. ஆட்டோக்காரர் பொறுமையிழந்து, "மேல கட்டித்தான் எடுத்துட்டுப் போவணும்" என்றார். சக்கர நாற்காலி கடன் வாங்கினோம். சந்து மணலில் அது அச்சுவரை புதைந்தது. இரண்டு ஞாயிறுகள் அப்பா ஜிப்பாவோடு வாசலில் உட்கார்ந்து, சபைக்குப் போகிறவர்களைப் பார்த்துக் கையசைத்தார். அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நான் உள்ளே போய்விட்டேன்.

அப்போதுதான் செல்வமணி அண்ணன் மீன் கொண்டு வந்தார்.

"என்ன மாமா, மாப்புள மாதிரி டிரெஸ்ஸப் போட்டுக்கிட்டு வாசல்லயே குந்திருக்கீங்க? கோயிலுக்குப் போவலயா?"

"எப்புடிடா போறது? கால் ஆஸ்பத்திரியில இருக்கு."

"இம்மாம் பெரிய மீனையெல்லாம் மூங்கில்ல கட்டி ரெண்டு பேரு தூக்கிட்டு வர்றோம். ஒரு மாமாவத் தூக்க மாட்டமா?"

"நான் என்ன மீனாடா?"

"மீனா இருந்தா இந்நேரம் ஏலம் போட்டுருப்பம்ல."

நான் உள்ளேயிருந்து ஓடிவந்தேன். எனக்கு இந்த மாதிரி விஷயம் கிடைத்தால் போதும். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, இரண்டு நல்ல மூங்கில்கள், வலைக் கயிறு. பின்சாய்வு எவ்வளவு வேண்டும், கால் எங்கே நீளும் என்று நான் தாளில் வரைந்தேன். செல்வமணி அண்ணன் தாளைப் பார்க்காமலே முடிச்சுப் போட்டார். முடிச்சு அவிழவே இல்லை. அடுத்த ஞாயிறு காலை மீன் வேலை முடிந்ததும் அவரும் கூட்டாளிகள் மூவரும் குளித்துவிட்டு வந்தார்கள். நாலு தோள். அப்பா மேலே. கூடவே நான் பைபிளும் தண்ணீர் பாட்டிலுமாக ஓட்டம். அன்று ஜெபம் முடிந்து, சபை ஆமென் சொல்லி, ஒரு மூச்சு கழித்து அப்பாவின் ஆமென் வந்தபோது பெண்கள் பக்கத்தில் யாரோ விசும்பிய சத்தம் கேட்டது. ஒரு மூத்த சகோதரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தன வாரமா ஜெபம் முடியாமலே கெடந்த மாதிரி இருந்துச்சும்மா" என்றார்.

அந்த ஆண்டு மாங்கனித் திருவிழா ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. காரைக்காலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர் உறவினர்களுக்காகச் சொல்கிறேன். சுவாமி வீதி உலா வரும்போது மாடிகளிலிருந்து கூடை கூடையாக மாம்பழம் இறைப்பார்கள். கீழே நிற்கும் ஜனம் அதைப் பிடிக்க முண்டும். நம் ஆலயம் அந்த வீதிகளைத் தாண்டித்தான் இருக்கிறது. போதகர் ஐயா முதல் நாளே சொல்லி அனுப்பினார்: "இந்த ஒரு வாரம் வீட்ல இருங்கண்ணே. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்."

"அவரு கோவிச்சுக்க மாட்டாரு. நான் கோவிச்சுக்குவேன்" என்றார் அப்பா.

எனக்குக் கவலை வேறு. தூக்குகிறவர்களுக்குத் திருவிழா ஆயிற்றே. செல்வமணி அண்ணனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "மாமாவ எறக்கிவுட்டுட்டு சாமி பாக்கப் போறோம். ரெண்டுக்கும் ஒரே வழிதான தங்கச்சி?" என்றார்.

வெயில் கடுமையாக இருக்கும் என்று நான் நாற்காலிக்கு மேலே நான்கு குச்சி நட்டு, அம்மாவின் அரக்குச் சேலையை, ஜரிகை வெளியே தெரிய, பந்தல் போலக் கட்டினேன். சொன்னேனே, எனக்கு ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தாடி, மேலே ஜரிகைச் சேலை, கீழே நான்கு தோள். கோயில் வீதிக்குள் நாங்கள் திரும்பிய நேரம், சுவாமி இன்னும் வரவில்லை. மாடிகளில் கூடைகளோடு ஜனம் நெருக்கியடித்து நின்றது. எங்கிருந்தோ ஒரு பிள்ளையின் குரல்: "வருது, வருது!"

முதல் பழம் செல்வமணி அண்ணன் தலையில் விழுந்தது. இரண்டாவது அப்பாவின் மடியில். பிறகு எண்ண முடியவில்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் மாம்பழ மழை! பந்தல் சேலை கூடையாகி நிறைந்து தொங்கியது. கீழே நின்ற கூட்டம் எங்கள் மேலேயே பாய்ந்தது. அப்பாவுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை; மேலே அண்ணாந்து பார்த்து, எல்லோரும் தன்னைப் பார்த்துக் கைநீட்டுவதைக் கண்டு, மரியாதையாகக் கையெடுத்துக் கும்பிட்டார். அதைப் பார்த்து இன்னும் எறிந்தார்கள்.

ஒரு மாடியிலிருந்து ஓர் அம்மாள் அலறினார். "அடியே நிறுத்துங்கடி! இது நம்ம ஐஸ் கம்பெனிக்காரருடி!"

"அவரு ஏன்டி ஊர்வலம் வர்றாரு?"

"ஞாயித்துக்கெழமையில்ல? அவங்க கோயிலுக்குப் போறாரு!"

வீதி முழுவதும் சிரிப்பு. கயிறு கட்டி வழியை மறித்திருந்த சிவப்புத் தொப்பிக் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். "யோவ், இது எந்த மண்டகப்படி? சொல்லவேயில்லயே?"

"ஞாயித்துக்கெழமை மண்டகப்படி சார். வாரா வாரம் உண்டு" என்றார் செல்வமணி அண்ணன், மூச்சு வாங்கிக்கொண்டே.

காவலர் அப்பாவைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பழங்களைப் பார்த்தார். கயிற்றை அவரே அவிழ்த்தார். "எல்லாரும் ஒதுங்கு, வழி விடு!" என்று முன்னால் நடந்தார். அந்தக் கூட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த வழியைப் போல ஒரு வழி எந்த மந்திரிக்கும் கிடைத்திருக்காது.

ஆலயத்துக்குள் நாங்கள் போனபோது சபையார் பொது ஜெபத்தில் இருந்தார்கள். வழக்கத்தில் பாதிப் பேர்கூட இல்லை. திருவிழாக் கூட்டத்துக்குப் பயந்து மற்றவர்கள் வரவில்லை. போதகர் ஐயா ஜரிகைப் பந்தலையும் அப்பாவையும் பார்த்து ஒரு கணம் வார்த்தையை மறந்தார். பிறகு ஜெபத்தை முடித்தார். சபை ஆமென் சொன்னது. ஒரு மூச்சு. அப்பா சொன்னார். மடியிலிருந்த பழங்கள் தடதடவென்று தரையில் உருண்டன.

ஆராதனை முடிந்ததும் ஒரு மூப்பர், "கோயில் திருவிழாப் பழம். படைச்சதாச்சே, சாப்பிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். அப்பா அவர் உதட்டைப் படித்துவிட்டு, "படைக்கல ஐயா. எம் மேல எறிஞ்சது. நெத்தியில பாருங்க, அடையாளம் இருக்கு" என்றார். மூப்பரே முதல் பழத்தை எடுத்தார். நற்கருணை மேசைக்குப் பின்னால் இருந்த வாளியில் கழுவி, வராந்தாவில் உட்கார்ந்து, சாமி பார்த்துவிட்டுத் திரும்பியிருந்த செல்வமணி அண்ணன் கூட்டாளிகளும் சபையாருமாகச் சேர்ந்து தின்றோம். அம்மா சேலையின் கறை இன்றுவரை போகவில்லை. அம்மா அதைப் போக்க முயற்சிக்கவும் இல்லை.

அந்தச் செய்தி ஊரெல்லாம் பரவிற்று. அதற்குப் பின் நடந்ததுதான் எனக்குப் பெரிது. கோவில்பத்திலிருந்து பைக்கில் பத்து நிமிடத்தில் வந்துவிடக் கூடியவர்கள், டிவியே போதும் என்று நின்றுபோனவர்கள், ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். யாரையும் அப்பா ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாசலில் நாற்காலி இறங்கும்போது அவர்கள் கண்ணில் படும், அவ்வளவுதான். ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே, "உங்கப்பாவ நாலு பேரு தூக்கிட்டு வர்றாங்க. என்னைய என் பொண்டாட்டி ஒருத்தியே தள்ளிட்டு வந்துட்டா" என்றார். பெஞ்சுகள் பற்றாமல் பின்னால் பாய் விரித்தோம். சபையே, நினைவிருக்கிறதா?

தூக்கி வந்தவர்கள் ஆராதனை நேரம் முழுவதும் வராந்தாவில் மூங்கிலைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே எப்போது முடியும் என்று அவர்களுக்கு ஒரே அடையாளம்தான். ஆசீர்வாதம் முடிந்து சபையின் ஆமென் வரும். அதற்கு அசைய மாட்டார்கள். பிந்தி வரும் ஆமென் கேட்டதும் செல்வமணி அண்ணன் துண்டை உதறித் தோளில் போடுவார். "மாமா சொல்லிட்டாரு. எந்திரிங்கடா."

கடைசி மாதங்களில் சிறுநீரகமும் கைவிட்டது. அப்போதும் ஒரு ஞாயிறுகூட அவர் படுக்கையில் கிடக்கவில்லை. கடைசி ஞாயிறும் சபையில் இருந்தார். அந்த வாரத்தின் நடுவில், ஒரு மத்தியான வேளையில், எங்களைக் கூப்பிடச் சொன்னார். அண்ணன் சென்னையிலிருந்து வந்திருந்தார். அம்மா அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, உதடு தெரிய, நிதானமாக ஜெபித்தார். நாங்கள் ஆமென் சொன்னோம். காத்திருந்தோம். அப்பாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. முகம் தெளிவாக இருந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். உதடு தெரிய நின்று பிரசங்கித்த போதகர் ஐயாவுக்கு, அப்பாவுக்காகச் சுவரோர இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த சபையாருக்கு, ஞாயிறு காலைகளை அவருக்கு விட்டுக்கொடுத்த ஐஸ் கம்பெனித் தோழர்களுக்கு, மருத்துவமனையில் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கு, துக்க வீட்டில் அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட்ட சந்து வீட்டார் அனைவருக்கும், பழம் எறிந்த மாடிவீட்டு அம்மாக்களுக்கும்கூட எங்கள் குடும்பத்தின் நன்றி.

செல்வமணி அண்ணனுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அடக்க நாளில் நடந்ததை மட்டும் எழுதிவிடுகிறேன்.

சவப்பெட்டியை யார் தூக்குவது என்ற கேள்வியே எழவில்லை. அவர்கள்தான் கொண்டுவந்தார்கள். பெட்டியை ஆலயத்தில் வைத்துவிட்டு, வழக்கம்போல வராந்தாவுக்குப் போய் உட்கார்ந்தார்கள். ஆராதனை நடந்தது. பாடினோம். போதகர் ஐயா கடைசி ஜெபத்தை முடித்தார். நிறைந்திருந்த சபை ஆமென் சொன்னது.

ஒரு மூச்சு. எல்லோரும் அந்த இடத்தில் காத்திருந்தோம். பழக்கம். சுவரோர பெஞ்சை யாரும் பார்க்கவில்லை, ஆனால் எல்லோரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை. தூக்க வேண்டியவர்களும் எழுந்து வரவில்லை. அவர்களுக்கு இன்னும் அடையாளம் கிடைக்கவில்லையே. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

அப்போது வாசல் பக்கமிருந்து, ஜன்னல் கண்ணாடி அதிர, நான்கு குரல்களில் வந்தது.

"ஆமென்!"

செல்வமணி அண்ணன் நிலைவாசலில் நின்றிருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "மாமா சொல்லிட்டாரு. தூக்குங்கடா" என்றார்.

தூக்கினார்கள்.

குடும்பத்தார் சார்பில்,
அன்பு மகள்